கல்கத்தாவில் பார்த்த பட்டாபிஷேகங்கள்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்படியில்தான் வளர்ந்தன. எட்டும் இன்றைக்கு ஆளுக்கு ஒரு ஊரில் நன்றாக இருக்கின்றன. எதையும் நான் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வைத்து வளர்க்கவில்லை.

இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு வேறு அவசரம் இல்லை. திருநெல்வேலிக்குத் திரும்பியதும் தெருவில் எல்லோரும் கேட்கப் போவது எனக்குத் தெரியும். காளியைப் பார்த்தீர்களா, பெரிய பாலத்தைப் பார்த்தீர்களா என்பார்கள். இரண்டையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இந்த ஊரில் அதிகம் பார்த்தது ராஜாக்கள் முடிசூட்டிக் கொள்வதைத்தான். மண்ணிலும் கல்லிலும் காகிதத்திலும் அவர்கள் முடிசூட்டிக் கொண்டபடியே இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதுகிறேன்.

வந்த காரியம் வேறு. என் மூன்றாவது பிள்ளை சங்கரன் சிறு வயதிலேயே கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட்டில் இன்னொருவர் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தவன். இப்போது அதே மார்க்கெட்டில் சொந்தக் கடை எடுத்திருக்கிறான். அவன் அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் அடுத்தவர் கல்லாவில்தான் உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் சொந்தக் கல்லாவில் உட்காரப் போகிற முதல் ஆள் சங்கரன். ஆனி மாதத்தில் நல்ல நாள் பார்த்து, நீங்கள் வந்தால்தான் கடை திறப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வந்தேன்.

வந்து இறங்கியதும் முதல் அதிர்ச்சி ஒரு மண் குடுவை. ஸ்டேஷனிலேயே சங்கரன் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் குடுவை, நல்ல சுட்ட மண். குடித்து முடித்தவர்கள் எல்லோரும் அதைத் தண்டவாளத்தில் எறிந்து உடைத்தார்கள். ஒரு குயவன் சக்கரத்தில் வைத்துச் சுற்றி, காய வைத்து, சூளையில் அடுக்கிச் சுட்டதை நாலு வாய் தேநீருக்காக உடைக்கிறார்கள். நான் என்னுடையதைக் கழுவிப் பையில் வைத்துக் கொண்டேன்.

"யம்மா, அதை யாரும் வச்சிக்கிட மாட்டாங்க," என்றான் சங்கரன்.

"நான் வச்சிக்கிடுதேன்," என்றேன்.

வீடு டாக்குரியாவில், இரண்டாம் மாடியில். ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் தாமாகப் பேசும். மருமகள் பகவதி நல்ல மாதிரி. பேத்தி உமா படம் போடுகிற கல்லூரியில் படிக்கிறாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே என்பதால் வங்காளம் தண்ணீராய் வருகிறது, தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டி வருகிறது. விடுமுறைக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று அவள் வாத்தியார் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உமாவுக்கு வந்தது முடிசூட்டு. பழைய காலத்திலிருந்து இன்றைக்கு வரை ராஜாக்கள் முடிசூட்டிக் கொண்டதை யார் யார் எப்படி எப்படிப் படமாக்கினார்கள் என்று பார்த்து, நகல் எடுத்துக் கொண்டு போக வேண்டும்.

"ராமர் பட்டாபிஷேகப் படம் இல்லாத வீடு உண்டா? அதைப் பாத்து எழுத வேண்டியதுதானே," என்றேன்.

"அது ஒண்ணுதான் ஆச்சி. எனக்கு நிறைய வேணும்," என்றாள்.

மறுநாள் சம்பந்தி வந்தார், பகவதியின் அப்பா. காரக்பூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே சம்பந்தியம்மாளும் வந்தாள். இந்தத் தூர தேசத்தில் சங்கரனுக்கு அவர்கள்தான் துணையாக இருந்திருக்கிறார்கள், அதை நான் மறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கடை திறக்கிற நாளைப் பற்றிப் பேசினோம். நான் அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக் கொண்டிருந்தேன்.

"நிறைகுடம் பகவதி எடுக்கட்டும். குத்துவிளக்கு இவ ஏத்துவா," என்று சம்பந்தி தம் மனைவியைக் காட்டினார். "முதல் போணியும் இவளே பண்ணட்டும் மாப்ளை. நல்ல கைராசி."

"நான் எங்ஙன நிக்கணும்?" என்று கேட்டேன்.

கீழே ஒரு ரயில் போனது, பாத்திரங்கள் பேசின. சம்பந்தி தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"மழைக்காலம் பாருங்க. மார்க்கெட்டுப் பக்கம் முழங்கால் தண்ணி நிக்கும். நீங்க வீட்டுல இருந்து மனசார வாழ்த்தினாலே போதும்."

என் வெள்ளைச் சேலையை அவர் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்குத் தனியாகப் பழகியிருக்க வேண்டும். நான் சங்கரனைப் பார்த்தேன். அவன் மேலே காற்றாடியைப் பார்த்தான். இந்த ஊரில் நாளுக்குப் பல தடவை மின்சாரம் போய்விடும். அப்போதும் போயிருந்தது. ஓடாத காற்றாடியைப் பார்த்தபடியே என் பிள்ளை சொன்னான்:

"யம்மா, நீங்க சாயங்காலமா வாங்களேன். கூட்டமும் கொறஞ்சிரும். ஒங்களக் கல்லாவுக்குப் பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ பிடிச்சிருவோம். ஊர்ல பாக்கவங்களுக்கு நீங்க காலையில இருந்த மாதிரியே இருக்கும்."

"இருந்த மாதிரியா?"

"ஆமா."

வழக்கம் தெரியாதவள் இல்லை நான். எத்தனையோ கல்யாண வீடுகளில் யாரும் சொல்லும் முன்பே பின்கட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன். நானாக ஒதுங்குவது வேறு. வரவழைத்துவிட்டு, பெற்ற பிள்ளை காற்றாடியைப் பார்ப்பது வேறு. புடலங்காயை மிகவும் பொடியாக நறுக்கினேன். அன்றைய கூட்டில் காய் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் உமா, "ஹௌராவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல ராமர் பட்டாபிஷேகம் வச்சிருக்காங்க ஆச்சி, மண்ணுல செஞ்சது. வாரியளா?" என்றாள். வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதற்குப் பதில் போகலாம் என்று கிளம்பினேன்.

இந்த ஊர் பஸ் நிற்காது. மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஏறுவதும் இறங்குவதும் நம் சாமர்த்தியம். நான் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் பஸ்ஸின் விலாவில் அடித்து ஏதோ கத்தினார். இறங்கும்போதும் அதையே கத்தினார். என்ன சொல்கிறார் என்று உமாவிடம் கேட்டேன்.

"மெதுவா, மெதுவா, பொம்பளை, கையில குழந்தை இருக்குன்னு சொல்றார்."

"யாரு கையில குழந்தை?"

"யாரு கையிலயும் இல்ல. அப்படிச் சொன்னாத்தான் டிரைவர் நிறுத்துவார்."

நடு ரோட்டில் நின்று என் வெறுங்கையைப் பார்த்துக் கொண்டேன். இல்லாத குழந்தைக்கு நின்ற பஸ் இருக்கிற கிழவிக்கு நிற்காதாம்.

அந்த ராமரைப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்று வந்தது. வைக்கோல் கட்டி, ஆற்று மண் பூசி, வீட்டு உயரத்துக்குச் செய்திருக்கிறார்கள். ராமர் அருகம்புல் பச்சை. அதைப் பொறுத்துக் கொள்ளலாம். ஆனால் ராமருக்கு மீசை. முறுக்கிவிட்ட கறுப்பு மீசை. எங்கள் வீட்டுக் கண்ணாடிப் படத்தில் இத்தனை வருஷம் மழமழவென்று சிரித்தவர் இங்கே எங்கள் ஊர் போலீஸ் ஏட்டையா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சீதை. சுற்றிலும் தம்பிமார், அனுமார், இன்னும் எந்தெந்த லோகத்துத் தேவர்களோ, கூடம் நிறைய.

"ஆத்தாடி, மீசையா," என்றேன்.

"ராஜான்னா மீசை வேண்டாமா ஆச்சி?" என்றாள் உமா. படம் போடுகிற நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக் கொண்டு வந்தேன். தேவர்கள் இருந்தார்கள், முனிவர்கள் இருந்தார்கள், குரங்குகள் இருந்தன. எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு ஆள் குறைந்தது. அப்போதுதான் தோன்றியது, எங்கள் வீட்டுப் படத்திலும் அந்த ஆள் கிடையாது. தினமும் பூ வைக்கிறேன், ஒரு நாள்கூடத் தேடியதில்லை.

பக்கத்தில் என்னைப் போலவே வெள்ளைச் சேலை கட்டின ஒரு வங்காளத்து அம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். உமாவிடம் சொன்னேன்: "இவுகளக் கேளு. ராமருக்கு அம்மா எங்கேன்னு."

உமா கேட்டாள். அந்த அம்மாள் பொம்மைகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். உமா தமிழில் சொன்னது இது: "கௌசல்யை உள்ளே இருப்பாள். தசரதர் போய்விட்டாரே, அவள் எப்படி முன்னால் வருவாள்? இன்றைக்கு ஏகாதசியாக இருந்தால் எங்களைப் போல ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள், பாவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாலு வருஷம் பிள்ளை வருவான் வருவான் என்று காத்திருந்தவள், முடிசூட்டுகிற நாளில் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். இது இத்தனை நாளாக என் வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கிறது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னாள். ஆவணி பிறக்கிற சமயத்தில் இந்த ராமரை ஊர்வலமாக எடுத்துப் போய்க் கங்கையில் கரைத்து விடுவார்களாம். முடிசூட்டின ராஜாவை ஆற்றில் போடுவதா என்று கேட்டேன். அடுத்த வருஷம் புதிதாகச் செய்வோம் என்றாளாம். இந்த ஊரில் தேநீர்க் குடுவைக்கும் தெய்வத்துக்கும் ஒரே சட்டம்தான்.

அதற்கடுத்த நாள் பழைய சாமான்கள் வைத்திருக்கிற பெரிய கட்டடங்களுக்குப் போனோம். வழியெல்லாம் பாதாள ரயிலுக்காக ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பூமிக்குள் ரயில் ஓடுமாம். டிராம் ஓடுவதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அது எங்கள் ஊர் மாட்டு வண்டியைப் போல யாரையும் பகைத்துக் கொள்ளாமல் போகிறது. மத்தியானம் உமா பொரியும் கடலையும் கலந்து ஒரு காகிதப் பொட்டலம் வாங்கித் தந்தாள். கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எள் இருக்கக் கடுகைப் போய் ஆட்டுவானேன் என்று தெரியவில்லை. ஆனாலும் முழுதும் தின்றேன்.

கல்லில் செதுக்கினதைப் பார்த்தேன். குகைச் சுவரில் எழுதின ஒன்றின் நகலைப் பார்த்தேன். அந்தக் காலத்து ராஜாவுக்கு முடியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். அவன் ஒரு பீடத்தில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பக்கமும் ஆட்கள் குடத்தைச் சாய்த்துத் தலையில் ஊற்றுகிறார்கள். எண்ணெய் தேய்த்து உட்கார வைத்த பிள்ளை மாதிரித்தான் இருக்கிறான். எட்டுப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றினவள் நான். குடம் பிடிக்கிற கை ஆம்பிளைக் கையாக இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

டெல்லி பாதுஷா முடிசூட்டின படம் ஒன்று இருந்தது. என் இரண்டு கை அகலம்தான். அதற்குள் யானை, குடை, கொட்டுக்காரர், பொன்னில் உட்கார்ந்த பாதுஷா, நிற்கிற பெரிய மனிதர்கள். உமா ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வந்திருந்தாள். அதன் வழியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கழுத்துப் பட்டையிலும் எறும்புக் காலைவிடச் சின்ன எழுத்தில் அவரவர் பெயர்.

"பொம்பளைகளே இல்லையாடி?"

உமா கண்ணாடியை மேலே நகர்த்தினாள். மாடியில் ஒரு சல்லடை ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு கன்னம், ஒரு மூக்குத்தி.

"அவ பாதுஷாவுக்கு அம்மாவா?"

"தெரியாது ஆச்சி. அவங்களுக்குப் பேர் எழுதல."

வெள்ளைக்காரர் ராஜ்யத்துப் படங்கள் இன்னொரு கட்டடத்தில் இருந்தன. சுவர் முழுக்க ஒரே படம். அந்தச் சிவப்புத் துணிக்கும் வெள்ளை ரோமத்துக்கும் முன்னால் நாம் எறும்புதான். உமா அவர்கள் வழக்கத்தைச் சொன்னாள். புது ராஜாவுக்குப் பெரிய பாதிரியார் கிரீடம் வைப்பாராம். செத்துப்போன ராஜாவின் மனைவி அந்த இடத்துக்கு வரமாட்டாளாம், வெகுகாலம் அப்படித்தான் வழக்கம் இருந்ததாம்.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடல் தாண்டி வந்து நம்மை ஆண்டவர்கள், துப்பாக்கி வைத்திருந்தவர்கள், அவர்கள் வீட்டிலும் அம்மாவுக்குப் பின்கட்டுத்தான். நான் இதை எங்கள் தெருவோடு போன விஷயம் என்று நினைத்திருந்தேன்.

"ஆச்சி, உடம்புக்கு முடியலையா?"

"முடியுது. நீ படத்தை எழுது."

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. வீட்டிலேயே இருந்தோம். பகலே சாயங்காலம் மாதிரி இருண்டு கிடந்தது. உமா கல்லூரியிலிருந்து தூக்க முடியாமல் ஒரு புத்தகம் கொண்டு வந்திருந்தாள், அதை ஜன்னல் ஓரம் வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினாள். பிரான்சு தேசத்து ராஜா ஒருவர், சாதாரண வீட்டில் பிறந்து சண்டை போட்டுப் பெரியவர் ஆனவராம். குருமார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கிரீடத்தைத் தாமே எடுத்துத் தம் தலையில் வைத்துக் கொண்டாராம். படத்தில் மனைவிக்கு வைக்கப் போகிறார், அவள் முழங்காலிட்டிருக்கிறாள். நான் வாயைப் பொத்திக் கொண்டேன். தன் தலைக்குத் தானே வைத்துக் கொள்ளும் ராஜாவை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிறகு நடுவில், உயரமான ஒரு இடத்தில், வெள்ளை முக்காட்டோடு ஒரு அம்மாள் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

"இது யாரு?"

"அதான் ராஜாவோட அம்மா."

என் மனது அப்படியே நிறைந்துவிட்டது. கல்லிலும் மண்ணிலும் காகிதத்திலும் தேடி, கடைசியில் ஒருத்தி இருக்கிறாள். விரலால் அவள் முகத்தைத் தொட்டேன்.

"ஆனா ஆச்சி," என்று உமா தயங்கினாள், "நெஜத்துல அவங்க அன்னிக்கு வரல. பிள்ளையோட மனஸ்தாபம், வேற ஊர்ல இருந்துட்டாங்க. அவங்களையும் சேத்து எழுதுன்னு ராஜா சொன்னாராம், படம் போடறவர் எழுதிட்டார்."

கையை எடுத்துக் கொண்டேன். சூடு பட்ட மாதிரி இருந்தது. வராதவளை வந்ததாக எழுதி, அவளுக்குச் சிரிப்பையும் எழுதி வைத்திருக்கிறான். இத்தனை வருஷமாக ஊர் உலகம் அதைப் பார்த்து, எவ்வளவு நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கும். அவள் அன்றைக்கு எந்த ஊரில், எந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாளோ, அதை யார் எழுதினார்கள்?

சாயங்காலமா வாங்க, இருந்த மாதிரியே இருக்கும் என்று சங்கரன் சொன்னது காதில் கேட்டது. புத்தகத்தை மூடச் சொன்னேன்.

கடை திறக்கிற அன்று காலையில் எல்லோரும் பட்டும் மாலையுமாக ஒரு டாக்சியில் போனார்கள். மழை விட்டபாடில்லை. பகவதி கடைசியாகச் செருப்பு மாட்டிக் கொண்டே, யாரையும் பார்க்காமல், "அத்தை, உமா இன்னைக்கு வீட்லதான் இருப்பா. குடை கதவுக்குப் பின்னால இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

"நானும் ஒண்ணும் கேக்கல," என்றேன்.

அவர்கள் போன சற்று நேரத்தில் நானும் உமாவும் இறங்கினோம். கரியாஹாட் வரை பஸ், அங்கிருந்து டிராம். பாதி வழியில் டிராம் நின்றது. முன்னாலும் டிராம்கள், எல்லாம் தண்ணீரில் படுத்த எருமைகளைப் போல. தெரு ஆறாக ஓடியது. சம்பந்தி சொன்ன முழங்கால் தண்ணீர் பொய் இல்லை. கைரிக்ஷா ஒன்றுதான் ஓடியது.

வந்த நாளிலிருந்து அதில் ஏறமாட்டேன் என்று சொல்லி வந்தேன். மனிதனை மனிதன் இழுப்பதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று ஏறினேன். இழுத்தவர் நரைத்த தாடிக்காரர், பீகார் பக்கத்து ஆள். என்னை மன்னிக்கச் சொல் என்று உமாவிடம் சொன்னேன். அவர் மணியைத் தட்டிக் கொண்டே திரும்பிப் பார்த்தார். "நீங்கள் இறங்கி நடந்தால் நான் இன்று என்ன சாப்பிடுவேன் தாயே, நேராக உட்காருங்கள், வண்டி சாய்கிறது," என்றாராம். நேராக உட்கார்ந்தேன்.

கடையின் கல்லா தெருவைப் பார்த்து இருக்கிறது. வாங்குகிறவர்கள் நடைபாதையில் நின்றுதான் வாங்க வேண்டும். விளக்கு எரிந்து கொண்டிருந்தது. ஐயர் தட்சிணையோடு ஒதுங்கிவிட்டார். சங்கரன் மாலையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். சம்பந்தியம்மாள் முதல் போணிக்காக உள்ளிருந்து வெளியே வர வேண்டும். படிக்கட்டு வரைக்கும் தண்ணீர். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்து, எங்கே காலை வைப்பது என்று பார்த்துக் கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ரிக்ஷாக்காரர் வண்டியைக் கடைக்கு நேர் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார். கைரிக்ஷாவில் ஆசனம் உயரம். இறங்காமலே என் முகத்துக்கு நேராக என் பிள்ளை முகம் இருந்தது.

"கால் கிலோ மஞ்சள் குடுங்க," என்றேன்.

சம்பந்தி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு கூட்டியாந்தது? உமா, ஆச்சிய அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போ. போணி முடியட்டும்."

"நான் அதுக்குத்தான் வந்திருக்கேன். சாமான் வாங்க," என்றேன்.

"மாப்ளை, நல்ல நாளும் அதுவுமா," என்று சம்பந்தி சங்கரனைப் பார்த்தார்.

பக்கத்துக் கடையில் தேங்காய் விற்கிற நிமாய் என்கிற வங்காளத்தார் மழைக்கு ஒதுங்கி எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார். விஷயம் பாதி புரிந்திருக்கும். தலையை நீட்டி ஏதோ சொன்னார். உமா எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சங்கர் அண்ணா, முதல் போணி வாசலில் நிற்கிறது. அதைத் திருப்பினால் வருஷம் பூராவும் ஈ ஓட்டுவாய். என் மாமன் ஓட்டினான்."

போணி என்கிற வார்த்தை இவர்களிடமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. முதல் போணிக்கு வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பும் கடைக்காரன் திருநெல்வேலியிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. இது சங்கரனுக்குத் தெரியும் என்று நம்பித்தான் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் தாய் என்று கூப்பிடாதவன், போணி என்றாவது கூப்பிடுவானா என்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

சங்கரன் மாமனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு கல்லாவிலிருந்து எழுந்தான்.

"விரலியா, குண்டா?" என்று கேட்டான்.

"மஞ்சளா?" என்று சம்பந்தியம்மாள் படியில் நின்றபடியே மெதுவாகச் சொன்னாள், என் வெள்ளைச் சேலையைப் பார்த்து.

"குழம்புக்குத்தான் மயினி. விரலியே போடச் சொல்லுங்க."

அவள் முதலில் வாயை மூடிக் கொண்டாள். பிறகு தாங்காமல் சிரித்துவிட்டாள். பட்டுச் சேலை கையை விட்டு நழுவி, கரையெல்லாம் தண்ணீரில் நனைந்தது. அதைப் பார்த்து பகவதியும் சிரித்தாள். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை.

சங்கரன் தராசில் போட்டான். தட்டு தாழ்ந்த பிறகும் இன்னும் இரண்டு விரலி போட்டான்.

"எடை சரியாப் போடுங்க. மொத நாளே தாராளம் காட்டினா கடை தாங்காது," என்றேன்.

அவன் காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் மடித்தான். சின்னப் பையனாக இருந்தபோது பொட்டலம் மடித்தவன், கை மறக்கவில்லை, ஆனால் நூல் சுற்றும்போது இரண்டு தடவை நழுவியது. நான் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான். பிறகுதான் உட்கார்ந்தான். நான் ரிக்ஷாக்காரரிடம் போகலாம் என்று சைகை காட்டினேன். சாமான் வாங்கியவர் கடை வாசலை அடைத்துக் கொண்டு நிற்கக் கூடாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சம்பந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் கொண்டார். சங்கரன் என் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். போதும்.

நேற்று போட்டோக்காரர் படத்தைக் கொண்டு வந்தார். நான் மஞ்சள் வாங்கின நேரத்தில் அவர் நடைபாதையில் குடை பிடித்து நின்று எடுத்த படம். சங்கரன் மாலையோடு நிற்கிறான். விளக்கு தெரிகிறது. எனக்கு முன்னால் ரிக்ஷாக்காரர் தலைத்துண்டு முழுதாக வந்துவிட்டது. என் முகம் இல்லை. நீட்டின கையும், கையில் வாங்கின பொட்டலமும் மட்டும் இருக்கின்றன.

சங்கரன் முகம் வாடிவிட்டது. போட்டோக்காரர் உடனே, அது ஒரு பெரிய காரியம் இல்லை என்றார். என்னைத் தனியாக ஒரு படம் எடுத்து, முகத்தை வெட்டி அந்த இடத்தில் ஒட்டி, மை தீற்றி, யாருக்கும் தெரியாமல் செய்து விடலாமாம். வேண்டுமானால் சிரிக்கிற மாதிரியும் செய்து தருவாராம்.

உமா என்னைப் பார்த்தாள். நான் உமாவைப் பார்த்தேன்.

"வேண்டாம்னு சொல்லு. அந்தக் கை நான்தான்," என்றேன்.

சங்கரன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறான். சாமான் வாங்க வருகிறவர்கள் இது யார் கை என்று கேட்கிறார்களாம்.

உமா, இங்கே வா. கண்ணாடியைப் போட்டுக் கொண்டு உட்கார். நான் எழுதின வரைக்கும் தலையிலிருந்து வாசித்துக் காட்டு. எழுத்துக் கூட்டியே வாசி, அவசரம் இல்லை. நீ கூடவே இருந்தவள். நடக்காத எதையாவது நான் சேர்த்து எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து, அடித்து விடுகிறேன்.